கோல்டன் ரெட்ரீவர் எப்படி உருவானது? ட்வீட்மவுத் பிரபுவின் கதையும் இந்த நாய்களை விடாமல் துரத்தும் நோய்களும்

ரீல்ஸைத் திறந்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு கோல்டன் ரெட்ரீவர் வாலாட்டிக்கொண்டு வந்துவிடும். குழந்தை முதுகில் ஏறி உட்கார்ந்தாலும் முறைக்காத நாய். வளர்ப்பவர்களுக்கு இதன் இன்னொரு பக்கமும் தெரியும். மாடிப்படி ஏறத் தயங்கும் பின்னங்கால், ஓயாத தோல் அரிப்பு, எட்டு ஒன்பது வயதில் திடீரென்று வந்து நிற்கும் புற்றுநோய்.

இந்த இனம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரே ஒரு மனிதரிடம் போய் நிற்கும். அவர் பெயர் டட்லி கவுட்ஸ் மார்ஜோரிபேங்க்ஸ். எழுத்தைப் பார்த்து அப்படியே படித்தால் தப்பு. பிரிட்டனில் அதை மார்ச்பேங்க்ஸ் என்றுதான் சொல்வார்கள். பிற்காலத்தில் ட்வீட்மவுத் பிரபு.

யார் இவர்?

1820 டிசம்பரில் பிறந்தவர். அப்பா எட்வர்ட், லண்டனின் பிரபலமான கவுட்ஸ் வங்கியின் மூத்த பங்குதாரர். மகன் வங்கிப் பக்கம் போகாமல் பீர் தயாரிப்பில் இறங்கினார். மியூக்ஸ் என்ற பெரிய மதுபான ஆலையில் பங்குதாரர் ஆனார். 1848-ல் இசபெல்லா ஹாக்கைத் திருமணம் செய்தார். மாமனார் ஜேம்ஸ் வியர் ஹாக், நம்ம ஊர் வரலாற்றுப் பாடத்தில் வரும் அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்தவர். 1853-ல் பெரிக் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி எம்.பி.யாக நாடாளுமன்றம் போனார். 1866-ல் பாரோனெட், 1881-ல் பிரபு பட்டம்.

பணத்துக்குக் குறைவில்லை. லண்டன் பார்க் லேனில் புரூக் ஹவுஸ் என்ற மாளிகை கட்டினார். வெட்ஜ்வுட் பீங்கான் பொருட்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு பின்னாளில் சோப்பு அதிபர் லீவர் கைக்குப் போய், இன்றும் இங்கிலாந்தின் லேடி லீவர் கலைக்கூடத்தில் இருக்கிறது. மகள் இஷ்பெல், கனடா கவர்னர் ஜெனரலின் மனைவி லேடி அபர்டீன். மூத்த மகன் எட்வர்ட் திருமணம் செய்தது சர்ச்சிலின் அத்தையை. இப்படிப்பட்ட குடும்பத்தின் தலைவரை உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது நாய்க்குட்டிகளுக்காக. அரசியல்வாதிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

செருப்பு தைப்பவரிடம் வாங்கிய நாய்

1850-களில் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில், கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கை ஒட்டி குய்சாக்கன் என்ற எஸ்டேட்டை வாங்கினார். பக்கத்தில் டோமிச் என்ற கிராமத்தையே புதிதாகக் கட்டினார். வருஷா வருஷம் அங்கே வேட்டை நடக்கும். அந்தக் காலத்தில் துப்பாக்கிகள் மாறிக்கொண்டிருந்தன. முன்பைவிடத் தூரத்தில் பறவையைச் சுட முடிந்தது. சுட்ட பறவை ஏரியிலோ சதுப்பிலோ புதரிலோ போய் விழும். அதைத் தேடிப் பிடித்து, பல் படாமல் மெதுவாகக் கவ்விக்கொண்டு வர ஒரு நாய் வேண்டும். குளிர்ந்த தண்ணீருக்குப் பயப்படக்கூடாது. எஜமானர் சொல்வதைக் கேட்க வேண்டும். ரெட்ரீவர் என்ற பெயரே இந்த வேலையால் வந்ததுதான்.

1865-ல் பிரைட்டன் நகரில் ஒரு மஞ்சள் நிற நாய் அவர் கண்ணில் பட்டது. அதை வைத்திருந்தவர் செருப்பு தைக்கும் தொழிலாளி. எஸ்டேட் காவலாளி ஒருவர் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டுப் போன நாய் என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. கருப்புக் குட்டிகளுக்கு நடுவே அது ஒன்று மட்டும் மஞ்சளாகப் பிறந்ததாம். நூஸ் என்று பெயர் வைத்தார்; கிரேக்கத்தில் புத்தி என்று அர்த்தம். உறவினர் டேவிட் ராபர்ட்சன் கொடுத்த பெல் என்ற பெண் நாயும் குய்சாக்கனில் இருந்தது. ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் என்ற, இப்போது அழிந்துபோன இனம் அது.

1868-ல் இரண்டையும் இணை சேர்த்தார். ஒரே ஈற்றில் நாலு குட்டிகள், நாலும் மஞ்சள். குரோக்கஸ், கௌஸ்லிப், பிரிம்ரோஸ் என்று மூன்றுக்கு மஞ்சள் பூக்களின் பெயர். நாலாவது அடா. குரோக்கஸ் மகன் எட்வர்டுக்குப் போனது, அடா உறவினரான இல்செஸ்டர் பிரபுவுக்கு. கௌஸ்லிப் குய்சாக்கனிலேயே தங்கியது. அடுத்த இருபது வருடத் திட்டம் பெரும்பாலும் இந்தக் கௌஸ்லிப்பின் வாரிசுகளைச் சுற்றியே நகர்ந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர் ஒரே ரத்தத்தையே திரும்பத் திரும்பக் கலக்கவில்லை. 1873-ல் கௌஸ்லிப்பை இன்னொரு ட்வீட் ஸ்பேனியலுடன் சேர்த்தார். பிறகு கருப்பு ரெட்ரீவரைக் கொண்டுவந்தார், சிவப்பு செட்டரைக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து திறமையை வாங்குவது, மறுபடி கௌஸ்லிப் வழிக்குத் திரும்புவது, மஞ்சளை மட்டும் நிறுத்திக்கொள்வது. மரபணு என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு வெளியாகி ரெண்டு, மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. அதை யாரும் சீண்டக்கூட இல்லை.

ரஷ்ய சர்க்கஸ் புரளி

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பதிவு செய்தார். எந்த நாய், யாருக்குப் பிறந்தது, யாரிடம் போனது. 1889-ல் பிறந்த பிரிம், ரோஸ் என்ற இரண்டு குட்டிகளோடு மஞ்சள் ரெட்ரீவர்களின் பதிவு நிற்கிறது. 1894 மார்ச்சில் ட்வீட்மவுத் இறந்தார். 1905-ல் எஸ்டேட் கைமாறியது. நோட்டு வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது.

அந்த இடைவெளியில் வேறொரு கதை கிளம்பியது. பிரைட்டனுக்கு வந்த ரஷ்ய சர்க்கஸிலிருந்து மொத்த நாய்க் கூட்டத்தையும் பிரபு விலைக்கு வாங்கினார், கோல்டன் ரெட்ரீவர் ரஷ்ய நாய் என்று. கேட்க ஜோராக இருந்ததால் பல பத்தாண்டுகள் ஓடியது. 1952-ல் ஆறாவது இல்செஸ்டர் பிரபு, அந்தக் குடும்பப் பதிவுகளை வைத்து கன்ட்ரி லைஃப் இதழில் கட்டுரை எழுதிய பிறகுதான் சர்க்கஸ் கூடாரம் சரிந்தது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் ஃபார்வர்டு இருந்திருக்கிறது.

இவரைக் குற்றம் சொல்லலாமா?

நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் அடிக்கடி வரும் பேச்சு இது. இனத்தைச் செயற்கையாக உருவாக்கியதால்தான் இத்தனை நோய் என்பார்கள். பாதி உண்மைதான். ட்வீட்மவுத் சாகும்வரை வெளிக்கலப்புக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். கதவு மூடியது அவருக்குப் பிறகு. 1908-ல் இந்த நாய்கள் கண்காட்சி மேடை ஏறின. 1913-ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் தனி இனமாகப் பதிந்தது, 1920-ல் கோல்டன் ரெட்ரீவர் என்ற பெயர் நிலைத்தது. தனி இனம் என்றால் பதிவேட்டில் இருக்கும் நாய்களுக்குள்ளேயே இனப்பெருக்கம். பரிசு வாங்கிய ஒரு ஆண் நாய்க்கு ஏகப்பட்ட குட்டிகள். அதன் அழகோடு, அது மறைத்து வைத்திருந்த குறையும் பரவும். அந்த நாயே வேட்டைக்களத்தில் ஓடியிருந்தால் குறை வெளியே தெரிந்திருக்கும். சோபாவில் படுத்திருக்கும் நாயிடம் யார் கவனிப்பது?

விளைவு என்ன? அமெரிக்காவின் கோல்டன் ரெட்ரீவர் கிளப் 1998-99-ல் எடுத்த கணக்கில், இறந்த நாய்களில் சுமார் 60 சதவீதம் புற்றுநோயால் போயிருந்தன. 2004-ல் பிரிட்டனில் எடுத்த கணக்கில் அது 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே இனம், ரெண்டு நாடு, இவ்வளவு வித்தியாசம். பரம்பரை வழிகள் பிரிந்துபோனது ஒரு காரணமாக இருக்கலாம். 2012-ல் மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் 3,044 கோல்டன் ரெட்ரீவர்களைப் பதிவு செய்து, அவற்றை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கியது. அதில் அதிக உயிரைக் குடித்தது ஹீமாஞ்சியோசார்கோமா, அதாவது ரத்தக்குழாய்ச் சுவரில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் மண்ணீரலிலும் இதயத்திலும் சத்தமில்லாமல் வளரும். கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசியும்போதுதான் தெரியும். நன்றாக இருந்த நாய் திடீரென்று துவண்டு படுத்து, ஈறு வெளுத்து, வயிறு உப்பினால், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது லிம்போமா. தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னே, முழங்காலுக்குப் பின்னே வலியில்லாமல் நெறி கட்டும். குளிப்பாட்டும்போது தடவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாத ஹிப் டிஸ்பிளாசியா, முன்னங்கால் முட்டிக் கோளாறு இரண்டும் பரம்பரையாக வருபவை. குண்டு நாய்க்குச் சிரமம் ரெட்டிப்பு. இந்த இனத்துக்குச் சாப்பாட்டில் போதும் என்ற எண்ணமே வராது, அதனால் அளவு நம்ம கையில்தான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதை குறுகும் எஸ்.ஏ.எஸ். என்ற கோளாறு, கண்ணில் வரும் பிக்மென்டரி யூவியைட்டிஸ், தைராய்டு குறைவு, பொடுகு மாதிரி செதில் செதிலாக உதிரும் இக்தியோசிஸ் ஆகியவையும் உண்டு. தொங்கும் காதில் ஈரம் தங்கி சீழ் வைப்பது சாதாரணம். ஹைலேண்ட்ஸ் குளிருக்கு அமைந்த இரட்டை ரோமம் இது; சென்னை மே மாதத்தில் மதியம் வாக்கிங் கூட்டிப்போனால் வெப்பத்தாக்கு வரும். உண்ணிக் காய்ச்சலும் இங்கே தனிப் பிரச்சினை.

கருத்தடை எப்போது என்பதிலும் ஒரு திருப்பம். 759 கோல்டன்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-ல் கலிஃபோர்னியாவின் யு.சி. டேவிஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்த ஆண் நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இரட்டிப்பாக இருந்தது. தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

நல்ல செய்தியும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 2023-ல் 300-க்கும் மேற்பட்ட கோல்டன்களை ஆராய்ந்தபோது, HER4 என்ற மரபணுவின் சில வடிவங்களைக் கொண்டவை சராசரியாக 13.5 வயதுவரை வாழ்ந்தன, மற்றவை 11.6. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். நாய்க் கணக்கில் அது பெரிய ஆயுள்.

குய்சாக்கன் மாளிகை இன்று கூரையில்லாத வெறும் சுவர்கள். 150-வது ஆண்டு என்று 2018-ல் அந்தச் சுவர்களுக்கு முன்னால் 361 கோல்டன்கள் கூடின. 2023-ல் 488.

குட்டி வாங்கப் போகிறவர்கள் அந்தப் பழைய நோட்டில் இருந்த மாதிரி விவரத்தைத்தான் விற்பவரிடம் கேட்க வேண்டும்: அப்பா யார், அம்மா யார். கூடவே இரண்டுக்கும் எடுத்த இடுப்பு, முட்டி எக்ஸ்ரே, இதயப் பரிசோதனை, கண் பரிசோதனைச் சான்று, தாத்தா பாட்டி எத்தனை வயதில் எதனால் இறந்தன என்ற தகவல். சான்றிதழ் இருக்கு சார், ஆனா கையில இல்லை என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.