கைவிட்ட சொல் சொந்த வீட்டில் கிடைத்தது

செபமாலை சொல்ல அமர்கிறோம். வாய் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்கிறது. மனமோ அடுப்பில் இருக்கும் பாலையும், கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணத்தையும் சுற்றி வருகிறது. செப நேரத்தில் வரும் இந்தப் பராக்குகளை எண்ணி வருந்தாதவர் நம்மில் யார்? ஒரே ஒரு சிறு சொல்லைப் பற்றிக்கொண்டு இறைவன்முன் அமைதியாக அமரலாம் என்று கற்பித்த ஒரு துறவியின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர் அருள்தந்தை ஜான் மெய்ன்.

1926-ஆம் ஆண்டு இலண்டனில், அயர்லாந்து வேர்களைக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டக்ளஸ். இராணுவத்தில் பணியாற்றி, துறவு வாழ்வையும் சிறிது காலம் முயன்று பார்த்தபின், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் பயின்றார். 1950-களின் நடுவில், அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த மலாயாவுக்கு அரசு அலுவலராக அனுப்பப்பட்டார்.

அங்கே ஒருநாள் அலுவல் காரணமாகக் கோலாலம்பூரில் உள்ள சுத்த சமாஜத்துக்குச் சென்றார். ஆதரவற்ற குழந்தைகளைப் பேணிய அந்த அமைப்பை நிறுவியவர் சுவாமி சத்யானந்தா என்னும் இந்துத் துறவி. வந்த வேலை முடிந்ததும் பேச்சு செபத்தின் பக்கம் திரும்பியது. காலையும் மாலையும் அசையாமல் அமர்ந்து, ஒரே மந்திரத்தை உள்ளத்தில் இடைவிடாது சொல்லும் தியான முறையைச் சுவாமி விளக்கினார். தமக்கும் கற்றுத் தரும்படி மெய்ன் கேட்டார். சுவாமி அவரை மதம் மாற்ற முயலவில்லை. கிறிஸ்தவராகிய நீங்கள் கிறிஸ்தவச் சொல்லையே தேர்ந்துகொள்ளுங்கள் என்பதே அவருடைய அறிவுரையாக இருந்தது. அதன்பின் வாரந்தோறும் இருவரும் சேர்ந்து தியானத்தில் அமர்ந்தார்கள்.

பிறகு மெய்ன் டப்ளின் திரும்பி, தாம் பயின்ற கல்லூரியிலேயே சட்டம் கற்பித்தார். 1958-இல் அவருடைய சகோதரியின் மகன், சிறுவன், நோயுற்று இறந்தான். அந்தத் துயரம் அவரை உலுக்கியது. வாழ்வில் உண்மையாகவே முக்கியமானது எது என்ற கேள்வியோடு, 1959-இல் இலண்டன் ஈலிங்கில் உள்ள புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் சேர்ந்தார். ஜான் என்பது அவருக்குத் துறவறப் பெயராயிற்று.

அங்கேதான் சோதனை காத்திருந்தது. இந்த மந்திர தியானம் கிறிஸ்தவ முறை அல்ல, அதை விட்டுவிட வேண்டும் என்று நவதுறவியருக்குப் பொறுப்பாயிருந்தவர் கூறினார். தமக்கு உயிராயிருந்த செபத்தைக் கைவிடுவது அவருக்கு எளிதாக இல்லை. ஆயினும் கீழ்ப்படிந்தார். 1963-இல் குருவானார், பள்ளிப் பணியில் மூழ்கினார். பத்து ஆண்டுகளுக்கும் மேல் அந்தச் சொல் இல்லாமலேயே கழிந்தது.

1970-களின் தொடக்கத்தில், வாஷிங்டனில் தம் சபை நடத்திய பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தபோது, கிறிஸ்தவ ஆன்ம ஞானத்தைத் தேடி ஓர் இளைஞர் அவரிடம் வந்தார். அவருக்குக் கொடுக்க வேண்டி பழைய ஆன்மிக நூல்களைத் திருப்பியபோது, மெய்ன் புனித ஜான் கசியானிடம் வந்து சேர்ந்தார். ஏறத்தாழ கி.பி. 360 முதல் 435 வரை வாழ்ந்த கசியான், எகிப்து பாலைவனத் துறவிகளிடம் தாம் கற்றதை எழுதிவைத்தவர். திருப்பாடல் 70-இன் முதல் வசனத்தை, இன்பத்திலும் துன்பத்திலும், வேலையிலும் ஓய்விலும் ஓயாமல் உள்ளத்தில் சொல்லும் முறையை அவர் அதில் விவரிக்கிறார்.

மெய்னுக்கு எவ்வளவு வியப்பு! கசியானின் நூலைப் படிக்கும்படி புனித ஆசீர்வாதப்பரே தம் ஒழுங்குமுறையில் துறவிகளுக்குச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்தவ முறை அல்ல என்று விடச்சொன்ன செபம், அவர் கைவிட்ட நாளிலும் அந்த மடத்தின் மரபிலேயே இருந்தது! மீண்டும் அச்செபத்தைத் தொடங்கினார். 1975-இல் ஈலிங்கில் பொதுநிலையினருக்குக் கற்பித்தார். 1977-இல் கனடாவின் மோன்றியலில் ஒரு சிறு துறவு இல்லம் தொடங்கினார். 1982 டிசம்பர் 30-ஆம் நாள், தம் 56-ஆம் வயதில், புற்றுநோயால் இறந்தார்.

அவர் பரிந்துரைத்த சொல் மாரனாத்தா. ஆண்டவரே வாரும் என்று பொருள்படும் இந்த அரமேயச் சொல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் முடிவில் உள்ளது. அவர் கற்பித்த முறை மிக எளிது. நிமிர்ந்து அமர வேண்டும். கண்களை மெல்ல மூடி, மா-ர-னா-தா என நான்கு அசைகளாக மனத்துக்குள் சீராகச் சொல்ல வேண்டும். வேறு எண்ணம் வந்தால் அதனோடு சண்டையிடாமல் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். காலையும் மாலையும் குறைந்தது 20 நிமிடம். இயன்றால் 30 நிமிடம். சொல்லை அடிக்கடி மாற்றக்கூடாது. என்ன கிடைத்தது என்று கணக்கும் பார்க்கக்கூடாது.

மந்திரம் என்றதும் நம்மில் சிலருக்கு மந்திரவாதம் நினைவுக்கு வந்து தயக்கம் எழலாம். இச்சொல்லில் மாய சக்தி எதுவும் இல்லை. சிதறும் மனத்தை ஆண்டவர் பக்கம் திருப்பும் கைப்பிடி அது, அவ்வளவே. நம் பாட்டிமார் வேலைக்கு நடுவே இயேசுவே இரட்சியும் என்று சொல்லிவந்த மனவல்லயச் செபமும் இதன் உறவுதான். பிற சமயத் தியான முறைகளில் நல்லவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் முறையே இலக்காகிவிடக்கூடாது என்று 1989-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட மடலும் தெளிவுபடுத்தியது. இது திருப்பலிக்கோ செபமாலைக்கோ மாற்றும் அல்ல. அவற்றில் நாம் ஒன்றித்துப் பங்குகொள்ள உதவும் துணை.

பிற சமயத்தவர் ஒருவர் நம் வீட்டுப் புதையலை நமக்கே காட்டக்கூடும். கீழ்ப்படிதலுக்காக நாம் விட்டுக்கொடுத்ததை இறைவன் தம் காலத்தில் திருப்பித் தரக்கூடும். இந்த இரண்டையும் ஜான் மெய்னின் வாழ்வில் காண்கிறோம். நாளைக் காலை, கைபேசியை எடுக்குமுன், ஒரு சொல்லோடு ஆண்டவர்முன் அமர்வோமா? பராக்குகள் வரட்டும். நாம் மீண்டும் அந்தச் சொல்லுக்குத் திரும்புவோம்.