கோபமும் பயமும் மூளையில் எங்கே இருக்கு? வேலூரில் தேடத் தொடங்கிய டாக்டர் ஜேக்கப் சாண்டி

அனுப்பின மெசேஜுக்கு ரிப்ளை வரலை. ஒருத்தருக்கு அது சின்ன எரிச்சல், அஞ்சு நிமிஷத்தில் மறந்துடும். இன்னொருத்தருக்கு எல்லாரும் கைவிட்டுட்டாங்க என்ற பயம் நெஞ்சை அடைக்கும். பயம் கோபமாகும், கோபம் தன்னையே காயப்படுத்திக்கொள்வது வரை போகலாம். திமிர், டிராமா என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்.

உணர்ச்சிகளுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ள, தோல் தொழிலுக்குப் பேர்போன வேலூர்–ஆம்பூர் பகுதியில் வாழ்ந்து உழைத்த ஒரு டாக்டரின் கதை உதவும்.

கோட்டயம் டு மான்ட்ரியல்

ஜேக்கப் சாண்டி 1910-ல் கேரளாவின் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பஹ்ரைனில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தார். பிறகு அமெரிக்கா, கனடா என்று போய் மூளை அறுவை சிகிச்சை கற்றார்.

மான்ட்ரியலில் அவருடைய குரு, உலகப் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோயாளிகளை விழிப்பிலேயே வைத்து ஆபரேஷன் செய்தவர் அவர். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதன் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்தால், ஓர் இடத்தில் கை அசையும். காதுக்கு உள்பக்கம் இருக்கும் டெம்போரல் பகுதியில் சிலருக்குத் திடீரென்று பயம் வரும். எதிரே பயப்பட எதுவும் இருக்காது. ஆனால் அந்தப் பயம் நிஜம்.

வேலூர், 1949

வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். சாண்டி திரும்பி வந்தார். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எதுவும் இல்லாத காலம் அது.

1952 ஆகஸ்ட் 25 அன்று, வலிப்பால் அவதிப்பட்ட 19 வயது இளைஞருக்கு, பாதிக்கப்பட்ட ஒரு பக்க மூளை அரைக்கோளத்தை அகற்றினார். இந்தியாவில் வலிப்புக்கான முதல் அறுவை சிகிச்சை இதுதான். இதே ஆபரேஷனைத் தென்னாப்பிரிக்காவில் செய்து 1950-ல் எழுதிய கிரைனாவ் என்ற சர்ஜன், வலிப்போடு சேர்ந்து நோயாளிகளின் முரட்டு நடத்தையும் குறைந்ததைப் பதிவு செய்திருந்தார். கெட்ட குணம் என்று ஊர் சொல்வதற்குப் பின்னால் மூளையும் இருக்கலாம் என்பது அப்போதே தெரிய ஆரம்பித்தது.

1964-ல் சாண்டிக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1970-ல் ஓய்வுபெற்றார். 2007-ல், 97 வயதில் மறைந்தார்.

இப்போ என்ன தெரியும்?

பார்டர்லைன் பிரச்சினை சாண்டியின் துறை கிடையாது. 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் அது இடம்பிடித்தது. ஆனால் மண்டையைத் திறந்து பார்த்ததில் ஒரு பகுதியை இன்று திறக்காமலே ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

டெம்போரல் பகுதியின் உள்ளே பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா இருக்கிறது. ஆபத்து என்றதும் அலறும் அலாரம் அது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் பகுதிதான், பொறு, பெருசா ஒண்ணுமில்ல என்று அதை அமர்த்துகிறது. பார்டர்லைன் உள்ளவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளில் அலாரம் அதிகமாக அலறுவதும், இரண்டுக்கும் நடுவே உள்ள தொடர்பு வேறு மாதிரி இயங்குவதும் தெரிந்தது. ஆனால் இவை பல பேரின் சராசரி. ஒரு தனி ஆளுக்கு ஸ்கேன் எடுத்து இந்த நோயை உறுதிசெய்ய முடியாது.

கத்தி வேண்டாம், பேச்சு போதும்

இதற்கு ஆபரேஷன் தேவையில்லை. இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரையும் இல்லை. முதன்மை சிகிச்சை பேச்சு சார்ந்ததுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. என்ற பயிற்சி, உணர்ச்சி பொங்கும்போது அதைக் கவனிக்கவும் தாங்கவும் கற்றுத்தருகிறது. பயிற்சிக்குப் பிறகு அமிக்டலாவின் அலறல் தணிவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. சில வருடங்களில் பெரும்பாலானவர்களின் அறிகுறிகள் நன்றாகவே குறைகின்றன.

இதில் வீட்டுக்கும் பங்கு இருக்கு. வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி.யின் மனநல மையம், 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய காலம் முதலே, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கவைத்து சிகிச்சை தந்தது.

உங்க வீட்டிலோ ஆபீஸிலோ அப்படி ஒருத்தர் இருந்தால், நடிக்கிறான், நடிக்கிறாள் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். மற்றவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அவர்களுடைய வலி நிஜம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மனஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.