பெயர் கிடைக்காத கார்



திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட தேரின் கதை சொல்லும் ஊர் எங்கள் திருவதிகை. தேர் என்றாலும் கார் என்றாலும் நமக்கு ஆசைதான்! அதனால் இந்த மலருக்கு ஒரு மோட்டார் மேதையின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். அவர் கோவை ஜி.டி. நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளில் மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் பார்ட் பார்ட்டாகக் கழற்றி, மறுபடி பூட்டினார்! 1920-ல் பொள்ளாச்சி - பழனி பாதையில் ஒரே ஒரு பஸ் விட்டார். அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமாயிருந்தவரும் இவரே. தொழிற்படிப்பை வருஷக்கணக்கில் இழுக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

அதே 1893-ல் அமெரிக்காவில் பிறந்தவர் ஹார்லி ஏர்ல். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு உருவம் கொடுத்தவர். முதலில் ஒரு மாதிரிக் கார் செய்து ஜனங்களிடம் காட்டுவது அவர் வழி. 1951-ல் செய்த மாதிரிக்கு, சேபர் ஜெட் விமானத்தை நினைத்து லெ சேபர் என்று பெயர் வைத்தார். அதன் வளைந்த முன்கண்ணாடி 1953-ல் காடிலாக் எல்டொராடோவில் வந்தது. பெயரோ 1959-ல் ப்யூக் காருக்குப் போனது. 1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் நின்ற கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், போர்க்கப்பல் வகையின் பெயரோடு ஜூன் மாதமே தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது!

நம்ம நாயுடுவும் 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். வெறும் 2,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்பது கணக்கு. ஆனால் தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. பின்னால் வந்த எந்தக் காருக்கும் அது உருவமும் தரவில்லை, பெயரும் தரவில்லை. 1974 ஜனவரி 4-ல் நாயுடு மறைந்தார்.

ஏர்லுக்கு மூளை அதிகம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் மாதிரிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை காத்திருந்தது. நாயுடுவின் மாதிரிக்கு அது கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர்களே, நாம் செய்கிற ப்ராஜெக்ட் மாடல் வைவா முடிந்ததும் பரணுக்குப் போகலாமா? யார் தயாரிப்பார்கள், என்ன விலை விழும், எந்த அனுமதி வேணும் என்பதையும் டிராயிங் போடும்போதே யோசிப்போம். நம் மாடலுக்காவது ரோட்டில் ஒரு பெயர் கிடைக்கட்டும்!