குன்னூர் மெக்கரிசன்: குழந்தை வளராததற்குக் கழுத்தில் காரணம் தேடிய டாக்டர்

நல்லவாட்டில் பிறந்தாலும் சரி, நியூயார்க்கில் பிறந்தாலும் சரி, குழந்தை பிறந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி எடை எவ்வளவு என்பதுதான். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு. அப்போது கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கு: தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா? அது ஏன் முக்கியம்னு புரிய, 100 வருடங்களுக்கு முன் குன்னூரில் வேலை பார்த்த ஒரு டாக்டரின் கதை உதவும்.

யார் இந்த மெக்கரிசன்?

ராபர்ட் மெக்கரிசன் 1878 மார்ச் 15 அன்று அயர்லாந்தின் போர்ட்டடவுன் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் படித்துவிட்டு, 20களின் தொடக்கத்திலேயே ஆங்கிலேய அரசின் டாக்டராக இந்தியா வந்தார். வடக்குக் கோடியில் உள்ள கில்கித் மலைப்பகுதியில் வேலை.

அங்கே பலருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. அதைவிடக் கொடுமை, அவர்களின் குழந்தைகள். சிலருக்குக் காது கேட்காது, பேச்சு வராது. சிலர் உயரமே ஆகவில்லை. இப்படி 203 பேரின் விவரங்களை 1908ல் பதிவு செய்தார்.

தன் மீதே சோதனை

ஊர்த் தண்ணீரை வடிகட்டி, தங்கிய கசடைத் தானும் குடித்தார், முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். அவர் உட்பட சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்ததைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டினார்.

அது பாதி சரி, பாதி தப்பு. சிக்கல் தைராய்டில்தான். ஆனால் முக்கியக் காரணம் அயோடின் பற்றாக்குறை. குன்னூர் ஆய்வகத்தில் பின்னாளில் பணியாற்றிய டாக்டர் ராமலிங்கசாமி, 1956ல் இமாச்சலின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு பலன் தருவதைக் காட்டியது. இன்று நம் வீட்டு உப்பில் அயோடின் இருப்பதன் பின்னணி இதுதான்.

குன்னூரில் ஓர் அறை

1918ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே அறையில் மெக்கரிசன் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். 1923ல் செலவைக் குறைக்க அரசு அதை மூடியது. பிறகு மீண்டும் திறந்தது. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி தின்றவை நன்றாக வளர்ந்தன. நம்ம பக்கத்து அரிசி உணவு தின்றவை பின்தங்கின.

1935ல் ஓய்வு பெற்றார். 1958ல் ஐதராபாத்துக்கு மாறிய அந்த ஆய்வகம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1960ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

இன்றைய பெற்றோருக்கு ஏன் முக்கியம்?

மூளையும் எலும்பும் வளர தைராய்டு ஹார்மோன் தேவை. அது குறைந்தால் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதும் குறையும்.

கடலோரம் இருக்கோம், மீன் சாப்பிடுறோம், நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். தாய்க்கு அயோடின் போதுமான அளவு இருந்தாலும், சில குழந்தைகளுக்கு தைராய்டு சுரப்பியே சரியாக உருவாகாது. இந்தியாவில் சுமார் 1,000 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே இந்தக் குறைபாடு உண்டு. பிறந்தவுடன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.

பிறந்த 2, 3 நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமே கண்டுபிடிக்கப் போதும். தொப்புள்கொடி ரத்தத்திலும் பார்க்கலாம். முதல் 2 வாரங்களுக்குள் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் இயல்பாக வளரும். தாமதித்தால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பை முழுசா சரிசெய்ய முடியாது.

எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைகளுக்கு ஒரு டெஸ்ட் போதாது. இவர்களில் சிலருக்குக் குறைபாடு தாமதமாகத்தான் ரத்தத்தில் தெரியும். முதல் ரிசல்ட் நார்மல் என்றாலும், 2 முதல் 4 வாரங்களுக்குள் மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

சின்னதாகப் பிறந்த பெரும்பாலான குழந்தைகள் 2 வயதுக்குள் மற்றவர்களின் உயரத்தை எட்டிவிடும். எட்டாவிட்டால் குழந்தைகள் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கணும். கில்கித் குழந்தைகளுக்குக் கிடைக்காத அந்த ரத்தப் பரிசோதனை, இன்று டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டு வாங்கக்கூடியது.