உத்தமசோழனும் காஞ்சிச் செப்பேடும்

காஞ்சிமாநகரில் ஊரகம் என்னும் பழம்பதி உள்ளது. உலகளந்த பெருமாள் அங்கே கோயில் கொண்டுள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நகர் கச்சிப்பேடு என்றும் வழங்கியது. ஊரகத்துக் கோயிலின் வரவு செலவுகளை ஒழுங்குபடுத்திச் செப்பேடு அளித்தவன் உத்தமசோழன். இவன் முதலாம் இராசராசனுக்கு முன் சோழநாட்டை ஆண்டவன். போர்க்களத்தில் பெரும்புகழ் ஈட்டியவன் அல்லன். இவன் பெயரைக் கேட்டவுடன் பலர் உள்ளத்தில் தோன்றுவது ஒரு பழியே ஆகும்.

இவன் தந்தை கண்டராதித்த சோழர், திருவிசைப்பாப் பாடிய சிவனடியார். தாய் செம்பியன் மாதேவியார், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாகப் புதுப்பித்த பெருமாட்டியார். ஏறத்தாழ 957ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தபோது இவன் சிறு குழந்தை. ஆதலின் அரசுரிமை சிற்றப்பன் அரிஞ்சயனுக்கும், பின்னர் அரிஞ்சயன் மகன் சுந்தரசோழனுக்கும் சென்றது. சுந்தரசோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் பட்டத்திற்குரியவனாய் இருக்கையில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான். அதன்பின் ஏறத்தாழ 970ஆம் ஆண்டில் உத்தமசோழன் அரியணை ஏறினான். கொலையால் நன்மை பெற்றவன் இவனே என்பதனால் ஐயமும் இவன்மேல் விழுந்தது. வரலாற்றறிஞர் சிலரும் அவ்வாறு ஐயுற்றனர். ஆயினும் உடையார்குடிக் கல்வெட்டு அக்கொலைக்குரிய துரோகிகளென உடன்பிறந்தார் சிலரைக் குறிப்பிடுகின்றதேயன்றி, உத்தமசோழனைக் குறிப்பிடவில்லை. சான்றில்லாத பழியை ஓர் அரசன்மேல் ஏற்றுதல் முறையாகாது. அவனைப்பற்றி உறுதியாக நாம் அறியக்கூடியவற்றுள் சிறந்தது அவன் விட்டுச்சென்ற கணக்கே ஆகும்.

தன் பதினாறாம் ஆட்சியாண்டில், கச்சிப்பேட்டு அரண்மனையின் சித்திரமண்டபத்தில் உத்தமசோழன் வீற்றிருந்தபோது, அதிகாரி ஒருவர் ஊரகத்துக் கோயிலைப்பற்றி விண்ணப்பம் செய்தார். அக்கோயிலுக்கு நகரத்தில் இருவகை வருவாய் இருந்தது. நிறுத்து விற்கும் பண்டங்களின்மேல் வாங்கப்பெற்றது கோல்நிறை கூலி. முகந்து விற்கும் பண்டங்களின்மேல் வாங்கப்பெற்றது கால் அளவு கூலி. இவையேயன்றிக் கோயிற் பொன்னும் பலரிடம் இருந்தது. கூரம் முதலிய ஊர்ச்சபையாரும், கஞ்சகப்பாடி, அதிமானப்பாடி முதலிய நகரச் சேரியாரும் அப்பொன்னைப் பெற்று, ஆண்டுதோறும் பொலிசை செலுத்திவந்தனர். பொலிசை என்பது வட்டி. பொன்னுக்குக் கழஞ்சும் மஞ்சாடியும் அளவுகள். இருபது மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு.

பொன் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் காவல் எளிது. அது பல ஊர்களிலும் பல சேரிகளிலும் பரவி இருந்தது. ஓரிடத்தார் பொலிசை தந்து, மற்றோரிடத்தார் தரத் தவறினால் சித்திரைத் திருவிழா என்னாவது? உத்தமசோழன் ஒவ்வொரு வருவாயையும் ஒவ்வொரு செலவுக்கு உரியதாக வகுத்தான். கோயிற் காரியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பட்டசாலியர் என்னும் நெசவாளர் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்புவித்தான். கணக்கைப் பார்க்கும் கடமை மாநகரத்தாருக்கு உரியதாயிற்று. பொன்னைக் கொண்டவர் ஒருவர், செலவிடுபவர் மற்றொருவர், கணக்குக் காண்பவர் பிறிதொருவர் என்று பொறுப்புகள் பிரிந்து நின்றன.

இத்தகைய ஆட்சிக்குப் பொருள் மாறாத சொற்கள் வேண்டும். சோழர் காலத்தில் அவை நிரம்ப இருந்தன. அரசன் வாய்மொழியைக் கேட்டு உணர்த்துபவர் திருவாய்க் கேள்வி. அதனை எழுதுபவர் திருமந்திர ஓலை. எழுதியதை ஒப்புநோக்கி ஏற்பவர் திருமந்திர ஓலை நாயகம். பின்னர் அது வரிப்பொத்தகத்தில் பதியப்பெறும். இதற்கு வரியிலிடுதல் என்று பெயர். அழகிய சொல் ஒன்றும் உண்டு. நந்தா விளக்கு எரிப்பதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பர். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று மாணவர் கேட்கலாம். ஆடுகள் சாகும், குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை மட்டும் குறைதல் ஆகாது. முதல் அழியாதிருக்க வேண்டும் என்னும் விதியை இடையரும் மறவாத வகையில் அச்சொல் உரைக்கின்றது.

இக்காலத்தில் காஞ்சியில் பட்டுச் சேலை வாங்கும் ஒருவர் கைப்பேசி வழியே பணம் செலுத்துகின்றார். அவர் வங்கியின் கணிப்பொறி ஓரிடத்திலும், கடைக்காரர் வங்கியின் கணிப்பொறி வேறிடத்திலும் உள்ளன. ஒன்றில் பற்று எழுதப்பெற்று, மற்றொன்றில் வரவு எழுதப்பெறாவிடில் பணம் நடுவே மறைந்தாற் போலாகும். ஆதலின் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே பரிமாற்றமாகக் கொள்வர். அது முழுதும் நிறைவேற வேண்டும், அன்றேல் சிறிதும் நிகழாததாக வேண்டும். பல கணிப்பொறிகள் கூடிச் செய்யும் பரிமாற்றங்களுக்கு இருகட்ட உறுதியாக்கம் என்னும் முறை உண்டு. ஒருங்கிணைக்கும் பொறி முதற்கட்டத்தில், ஆயத்தமா என ஏனைய பொறிகளை வினவும். எல்லாம் இசைந்தால், இரண்டாங் கட்டத்தில் உறுதியாக்குக என்று ஆணையிடும். ஒன்றேனும் மறுத்தால் யாவும் பழைய நிலைக்கே திரும்பும். இதனைப் பின்வாங்கல் என்பர். சோழர் ஓலைக்கும் இப்பொறிகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பல இடங்களில் உள்ள பொருளுக்கு ஒரே கணக்கு வேண்டும் என்னும் இடர்ப்பாடு பழையது. ஓலை செல்லப் பல நாள் ஆன காலத்தில் அதனைத் தீர்க்க முயன்றது எளிய செயலன்று.

உத்தமசோழன் 985ஆம் ஆண்டளவில் மறைந்தான். அவன் பெயர் பொறித்த காசு, பிற்காலச் சோழர் நாணயங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். காஞ்சிச் செப்பேடு சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதன் தொடக்க ஏடுகள் கிடைக்கவில்லை. கோயிற் பொன் எவரெவரிடம் இருந்தது என்று கூறும் ஏடுகள் எஞ்சியுள்ளன.

உத்தமசோழனுக்கு மதுராந்தகன் கண்டராதித்தன் என்னும் மகன் இருந்தான். அரியணையோ இராசராசனுக்கு உரியதாயிற்று. மகன் பகை கொண்டு எழவில்லை. இராசராசனின் கீழ் அதிகாரியாய் அமர்ந்து, கோயில்தோறும் சென்று கணக்குகளை ஆராய்ந்து, தவறிழைத்தவர்க்குத் தண்டம் விதிக்கும் பணியை மேற்கொண்டான்.