மரப்பெட்டியில் வரைந்த பியானோ

கண்டியில் பியானோ பழகியவர்களுக்கு மழைக்காலம் என்றால் என்னவென்று தெரியும். ஈரத்தில் மரம் ஊறிவிடும். அழுத்திய கட்டை மேலே எழும்பாது. பேராதனை வீதிக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய வீட்டில் நான் ஐந்து வருடம் பழகினேன். ஹனோன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 60 விரற்பயிற்சிகள்தான் எங்கள் தண்டனை. ரீச்சர் தாளக்கருவியை மெதுவாக ஓடவிட்டு, பிழையில்லாமல் வாசித்தால் மட்டும் அதைக் கொஞ்சம் கூட்டுவார். அவர் குசினிக்குப் போனதும் நான் களவாக வேகமாக வாசிப்பேன். அந்த அவசரத்தால்தானோ என்னவோ, என் விரல்கள் இன்றுவரை தேறவில்லை.

அந்தப் பாடங்களை மறுபடி தேட வைத்தவன் என் சித்தியின் மகன். 2009இல் புதுமாத்தளனில் ஷெல் விழுந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே போய்விட்டது. கப்பலில் புல்மோட்டை, பிறகு வேறு இரண்டு இடங்கள், கடைசியில் கண்டி வைத்தியசாலை. அதன்பின் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டான். போன வருடம் கட்டுகஸ்தோட்டையில் யாரோ விற்ற பழைய கீபோர்ட் ஒன்றை வாங்கி வந்து, இடது கையால் மட்டும் வேகமாக வாசிக்க எப்படிப் பழகுவது என்று கேட்டான். எனக்குத் தெரிந்த பயிற்சி எல்லாம் இரண்டு கைக்கானது. அப்படித் தேடியபோதுதான் போல் விட்கென்ஸ்டைனின் வாழ்க்கைக்குள் போனேன்.

தத்துவம் படித்தவர்களுக்கு அவருடைய தம்பி லுட்விக்கைத் தெரிந்திருக்கும். போல் 1887இல் வியன்னாவில் பிறந்தார். தகப்பன் கார்ல், ஒஸ்திரியாவின் இரும்புத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர். வீட்டில் பணத்துக்கும் பியானோக்களுக்கும் குறைவில்லை. நிம்மதிதான் இல்லை. அண்ணன்மார் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். போல், லெஷெட்டிட்ஸ்கி என்ற பேர்பெற்ற ஆசிரியரிடமும், கண்பார்வையற்ற இசையமைப்பாளரான யோசப் லாபோரிடமும் பழகினார். 1913 டிசம்பரில் வியன்னாவில் முதற் கச்சேரி. எட்டு மாதத்தில் உலகப்போர் தொடங்கியது.

1914 ஓகஸ்டில், இன்றைய போலந்துப் பகுதியில் வேவு பார்க்கப் போன இடத்தில் வலது முழங்கையில் சூடு பட்டது. கள வைத்தியசாலையில் கையை வெட்டி எடுத்தார்கள். அந்த நேரத்திலேயே ரஷ்யப் படை அந்த வைத்தியசாலையைப் பிடித்துவிட்டது. அவர் கண்விழித்தபோது கையும் இல்லை, அவர் கைதியாகவும் ஆகியிருந்தார். இந்த இடத்தை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆறாத காயத்தோடு இடம் இடமாக மாற்றி, கடைசியில் சைபீரியாவின் ஒம்ஸ்க் நகருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பியானோ கிடையாது. ஒரு வெற்று மரப்பெட்டியில் கரியால் கட்டைகளை வரைந்து, இடது கை விரல்களால் அதில் தட்டத் தொடங்கினார். தனக்குத் தெரிந்த ஷோபின் இசையை, இரண்டு கைக்கு எழுதியதை, ஒரு கைக்குள் எப்படி அடக்குவது என்று பார்த்தார். சத்தம் வராத பெட்டியில் பிழையைக் காது சொல்லித் தராது. எந்தச் சுரத்துக்கு எந்த விரல், அடுத்ததற்குக் கை எங்கே போக வேண்டும் என்பதை முதலில் தலைக்குள் முடிவெடுக்க வேண்டும். நான் குசினிப் பக்கம் பார்த்துப் பார்த்து வாசித்த காலத்தில் செய்யாத வேலை இதுதான்.

இடது கைக்கு ஒரு வசதி உண்டு. பெருவிரல் மேல்சுரப் பக்கம் இருக்கிறது. அதனால் மெட்டைப் பெருவிரலும் சுட்டுவிரலும் எடுத்துக்கொள்ள, மற்ற விரல்கள் கீழே துணை வாசிக்கலாம். ஆனால் அடிச்சுரம் தூரத்தில் கிடக்கும். சின்னவிரல் அதைத் தொட்டதும், கால்மிதி அந்த ஒலியைப் பிடித்து வைத்திருக்க, ஒலி தேய்வதற்குள் கை மேலே தாவி வந்து மெட்டைத் தொடர வேண்டும். கேட்பவருக்கு இரண்டு கை போலத் தோன்றுவது இந்தத் தாவலால்தான். ஒரு கைக்காரனுக்கு வேகம் என்பது விரல் துடிப்பதை விட இந்தப் பாய்ச்சல்தான். அது தவறாமல் விழ, ஒரே தாவலை மெதுவாக நூறு தடவை செய்து பார்க்க வேண்டும். சத்தம் போதாத இடத்தில் ஒரே கட்டையை இரண்டு விரலால் அழுத்துவதும் விட்கென்ஸ்டைன் கையாண்ட வழி.

ஒம்ஸ்கில் இருந்த டென்மார்க் தூதரின் உதவியால் பிறகு ஒரு உண்மையான பியானோ கிடைத்தது. 1915 கடைசியில் கைதிப் பரிமாற்றத்தில் ஊர் திரும்பினார். ஒரு கைக்கென்று முன்பே எழுதப்பட்டவற்றைத் தேடினார். சிறுவயதில் வேட்டையில் வலது கையை இழந்த ஹங்கேரியப் பிரபு கேசா சிச்சி அவருக்கு முன்னோடி. கொடோவ்ஸ்கி ஷோபினை வைத்து எழுதிய 53 பயிற்சிகளில் 22 இடது கைக்கு மட்டுமானவை. நாளில் பல மணிநேரம் பயிற்சி. 1916 டிசம்பரில் பழைய ஆசிரியர் லாபோர் அவருக்காகவே எழுதிய இசையோடு மறுபடி மேடை ஏறினார்.

இந்தக் கதையைக் கை இழந்த பிள்ளைகளுக்கு உற்சாகமூட்ட இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அவரிடம் தகப்பனின் சொத்து இருந்தது. அந்தப் பணத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ், கோர்ன்கோல்ட், ஹிண்டமித், ராவெல், புரொகோபியேவ், பிரிட்டன் என்று அக்காலத்தின் பெரிய ஆட்களிடம் இடது கைக்கு இசை எழுதி வாங்கினார். ராவெலின் படைப்பு 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேறியது. அதில் தன் இஷ்டத்துக்கு மாற்றி வாசித்ததால் ராவெலுடன் பெரும் சண்டை. ஹிண்டமித்தினதை வாசிக்காமலே பூட்டி வைத்தார். அது 2004இல்தான் மேடை கண்டது. புரொகோபியேவினதும் தனக்கு விளங்கவில்லை என்று ஒதுக்கப்பட்டது.

1938இல் நாசிகள் ஒஸ்திரியாவைப் பிடித்தபோது, பாட்டன் பாட்டிமாரில் மூவர் யூதராகப் பிறந்தவர்கள் என்பதால், நாட்டுக்காகக் கை கொடுத்தவருக்கு அதே நாட்டில் மேடை மறுக்கப்பட்டது. அமெரிக்காவுக்குத் தப்பினார். அங்கே பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1957இல் தன் விரற்பயிற்சிகளை இடது கைக்கான பாடநூலாக வெளியிட்டு, 1961 மார்ச்சில் நியூயோர்க்கில் காலமானார்.

ஒரு விடயம் மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை. இரண்டாம் உலகப்போரில் வலது கையை இழந்த சீக்பிரீட் ராப் என்ற ஜேர்மன் பியானோக் கலைஞர், அந்தப் படைப்புகளைத் தானும் வாசிக்க அனுமதி கேட்டார். விட்கென்ஸ்டைன் மறுத்துவிட்டார். தான் காசு கொடுத்து எழுதுவித்தது தனக்கு மட்டும் என்பது அவர் நிலைப்பாடு. போரில் கை இழந்தவனின் வலி அவரை விட யாருக்குத் தெரியும்? ராப் விடவில்லை. ஒதுக்கப்பட்டுக் கிடந்த புரொகோபியேவின் படைப்பை 1956இல் பேர்லினில் அவரே அரங்கேற்றினார்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். சைபீரியாக் கதையைப் பேசாமல் கேட்டான். ராப்பின் கதைக்குத்தான் சிரித்தான். பிறகு, அந்த மனிசன் பியானோவுக்கு நடுவிலா இருந்தவர் என்று கேட்டான். இடது கையால் மட்டும் வாசிப்பவர்கள் கதிரையைச் சற்று வலப்பக்கம் போட்டுக்கொள்வார்கள், அப்போதுதான் மேல்சுரங்கள் எட்டும் என்றேன். அவனுடைய கீபோர்டில் 61 கட்டைகள்தான். கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டு, தாளத்தை மிக மெதுவாக வைக்கச் சொன்னான்.