ஒரு கசிவும் முப்பது வருஷமும்

பழனிக்குப் பக்கத்துல பாலசமுத்திரம்தான் எங்க ஊர். அங்க ஒரு பசுமைக்குடிலுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா ஒரு சந்தேகம் வரும். தரையெல்லாம் காய்ஞ்சு கிடக்கு, தக்காளிச் செடி மட்டும் எப்படிக் கயிறு பிடிச்சுத் தலைக்கு மேல ஏறுது? செடி ஓரமா ஓடுற கறுப்பு டியூபைத் தூக்கிப் பாருங்க. அடியில மட்டும் ஈரம் இருக்கும்.

1930களில் இதே சந்தேகம் சிம்கா பிளாஸ் என்ற இன்ஜினியருக்கும் வந்தது.

பிளாஸ் 1897-ல் வார்சாவில் பிறந்தவர். 1930-ல் அன்றைய பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து, தண்ணீர்த் திட்டங்கள் வடிவமைத்தார். ஒரு நாள் ஒரு தோட்டத்தில் வரிசையாக நின்ற மரங்களில் ஒன்று மட்டும் கொழுத்து உயர்ந்திருந்ததைப் பார்த்தார். சுற்றிலும் தண்ணீர் பாய்ந்த தடமே இல்லை. தோண்டினால், குழாய் இணைப்பில் ஒரு கசிவு! மேலே சின்ன ஈர வட்டம், மண்ணுக்குள் வெங்காயம் மாதிரி விரிந்த ஈரம்.

நாமளா இருந்தா பிளம்பரைக் கூப்பிட்டிருப்போம். அவர் மனசுல அது ஒட்டிக்கிச்சு. ஆனா அப்போ கையில் இருந்தது இரும்புக் குழாய்தான். மலிவான பிளாஸ்டிக் டியூப் வந்தது இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம். அதுவரை நெகேவ் பாலைவனத்துக்குக் குழாய் போட்டார், அரசின் நீர்த் திட்டப் பதவியில் இருந்தார், 1956-ல் கருத்து வேறுபாட்டால் வெளியேறினார். அறுபதை நெருங்குற வயசு. பழைய கசிவை அப்போதான் திரும்பக் கையில் எடுத்தார்.

சிக்கல் என்னன்னா, ஓட்டை சின்னதா இருந்தா மண் அடைச்சுக்கும், பெருசா இருந்தா தண்ணி கொட்டும். பிளாஸ் ஓட்டையை விட்டுட்டுப் பாதையை நீளமாக்கினார். நுண்குழாயைச் சுருளாகச் சுற்றினார். அந்த நீளம் முழுக்க உராய்ந்தே அழுத்தம் குறைந்து, கடைசியில் சொட்டாக விழுந்தது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் உராய்வு இழப்புன்னு படிச்சோமே, அதேதான். நான் அந்த ஃபார்முலாவைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதோட சரி!

மகனோடு சேர்ந்து சோதனை செய்தார். நிபுணர்கள் பலர் நம்பவில்லை. 1965-ல் ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணை ஒப்பந்தம் போட்டது, நெட்டாஃபிம் நிறுவனம் பிறந்தது. 1982-ல் பிளாஸ் இறந்தார்.

தக்காளிக்கு இது ஏன் பொருந்துதுன்னா, அதுக்கு ஈரம் ஏறி இறங்கினா ஆகாது. காயவிட்டு ஒரேயடியா பாய்ச்சினா பழம் வெடிக்கும், கால்சியம் சரியா ஏறாம காயோட அடிப்பக்கம் கறுத்துப்போகும். சொட்டு நீரில் இலையும் நனையாததால் பூஞ்சைத் தொல்லை குறைவு.

ஆனா அடைப்பு இன்னும் விட்டபாடில்லை. எங்க மாமா தோட்டத்துல போர் தண்ணியில உப்பு அதிகம். அப்பப்போ ஆசிட் விட்டு லைனைக் கழுவுறார், அதுவும் செடி வாடினப்புறம்தான் தெரியுது. ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தத்தை அளந்து, வித்தியாசம் கூடினா மாமா போனுக்கு மெசேஜ் போற மாதிரி ஒண்ணு செய்யிறோம். எங்க புராஜெக்ட் அதுதான். முதல் ரிவ்யூல திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்தது பத்து நாள்ல.